கடன் வாங்கிய நண்பர் உயிர்மீது நான் பாலிசி எடுக்கலாமா?

கேள்வி: நண்பருக்குத் தொழில் நடத்த 6 லட்சம் ரூபாய் புரோநோட்டின் பேரில் கொடுத்திருக்கிறேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் பணம் போய்விடுமே என்று பயம். அவர் பெயரில் 25 லட்சத்துக்கு நானே பாலிசி எடுத்து, பிரீமியத்தையும் கட்டலாமா?

பதில்: 25 லட்சத்துக்கு முடியாது. அவர் இறந்தால் உங்களுக்கு என்ன பண நஷ்டமோ, அந்த அளவுக்குத்தான் உங்களுக்கு இன்சூரபிள் இன்ட்ரஸ்ட், அதாவது அவர் உயிர்மீது பாலிசி எடுக்கும் தகுதி, உண்டு. கணவன், மனைவி என்றால் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கடன் கொடுத்தவருக்கு எல்லை, வர வேண்டிய கடன்தான். அதற்கு மேல் போனால் ஒருவர் சாவின்மேல் பந்தயம் கட்டியதாகிவிடும். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 30. இங்கிலாந்தில் முன்பின் தெரியாதவர்கள் உயிர்மீதெல்லாம் பாலிசி எடுத்துச் சூதாடியதால்தான் 1774இல் அதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள்.

சரி, உங்கள் 6 லட்சத்துக்கு என்ன வழி? நண்பரே தன் பெயரில் பாலிசி எடுக்கட்டும். தன் உயிர்மீது எடுக்க யாருக்கும் தடையில்லை. பிறகு அதில் 6 லட்சத்தை மட்டும் உங்களுக்கு அசைன்மென்ட் செய்து, அதாவது அந்தத் தொகைக்கான உரிமையை உங்களுக்கு மாற்றி எழுதி, தரட்டும்.

“நாமினியாகப் போட்டுவிடுகிறேன்” என்று அவர் சொன்னால் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள். நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1984இலேயே சொல்லிவிட்டது. காப்பீட்டுச் சட்டத்தின் 2015 திருத்தம் பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்றது. நண்பர் என்ற முறையில் நாமினியாகும் உங்களுக்கு அந்தச் சலுகை இல்லை.

அசைன்மென்ட் காப்பீட்டுச் சட்டம் பிரிவு 38இன்படி எழுத்தில் இருக்க வேண்டும். நண்பர் கையெழுத்தும் குறைந்தது ஒரு சாட்சியும் வேண்டும். அப்புறம் நிறுவனத்துக்கு நோட்டீஸ் கொடுங்கள். அது போய்ச் சேராத வரை நிறுவனத்திடம் நீங்கள் உரிமை கோர முடியாது. அவர் மனைவி நாமினியாக இருந்தால் கவலை வேண்டாம். கடனுக்காகச் செய்த அசைன்மென்ட் அந்த நியமனத்தை ரத்து செய்யாது. உங்கள் கடன் போக மீதி அந்த மனைவிக்கே போகும். குடும்பத்துக்கும் இதுதான் நியாயம்.

பிரீமியம் நின்றால் பாலிசி காலாவதியாகிவிடும். அதனால் ரசீதை ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்குங்கள்.

நண்பரிடம் ஏற்கெனவே பாலிசி இருந்தால் புதிது தேவையில்லை, அதையே பயன்படுத்தலாம். ஆனால் அது வங்கியில் அடமானமாக இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். யாருடைய நோட்டீஸ் முந்திச் சேர்ந்ததோ, அவருக்குத்தான் முன்னுரிமை.