பானை ஏன் தட்டையாகவே இருக்கிறது?

கேள்வி: யாங்கோனில் ஞாயிறு தமிழ் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் ஓவியம் சொல்லித் தருகிறேன். தெருவோரத்தில் வழிப்போக்கர்களுக்கு வைத்திருக்கும் தண்ணீர்ப் பானையை வரையச் சொன்னேன். கோடு நன்றாகத்தான் வருகிறது, பென்சிலால் நிழல் போட்டதும் கரி பூசின தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ரொம்பக் கறுப்பாக எழுதுகிற 8பி பென்சில் வாங்கிக் கொடுத்தால் சரியாகுமா?
– ஒரு வாசகி, யாங்கோன்

பதில்: காசை வீணாக்காதீர்கள், டீச்சர். வகுப்பில் எத்தனை விளக்கு எரிகிறது என்று முதலில் எண்ணிப் பாருங்கள். மேலே இரண்டு டியூப் லைட், இரண்டு பக்கமும் ஜன்னல் என்றால் நிழல் எந்தப் பக்கம் என்று பானைக்கே தெரியாது, பிள்ளை எங்கே கண்டுபிடிப்பது? அதனால்தான் ஓரமெல்லாம் சமமாகக் கறுப்படித்து வைக்கிறது. விளக்கை அணைத்துவிட்டு ஒரே ஒரு ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரண்ட் போன நேரமாக இருந்தால் இன்னும் வசதி, ஒரு மெழுகுவர்த்தியைப் பக்கவாட்டில் கொஞ்சம் உயரமாக வைத்தால் போதும். கரண்ட் கட்டால் நமக்கு வேறென்ன லாபம்!

பானையையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். மண்ணின் சிவப்பையும் நிழலையும் பிள்ளைகள் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். வெள்ளைத் தாளின் மேல் ஒரு வாத்து முட்டை வைத்து, கண்ணைப் பாதி மூடிப் பார்க்கச் சொல்லுங்கள் (அவித்த முட்டையாக இருக்கட்டும், உருண்டு விழுந்தாலும் பயமில்லை). முட்டையில் வெளிச்சம் நேராக விழும் இடத்தில், வரைகிற தாளை அப்படியே வெள்ளையாக விட்டுவிட வேண்டும். அங்கிருந்து மெல்ல மெல்ல இருண்டுகொண்டே போகும், ஆனால் ரொம்ப இருட்டான இடம் விளிம்பில் இருக்காது, விளிம்புக்குச் சற்று உள்ளே இருக்கும். விளிம்பில் கீழேயுள்ள வெள்ளைத் தாளிலிருந்து எகிறி வரும் மங்கலான வெளிச்சம் படும். உங்கள் பிள்ளைகள் விடுவது இதைத்தான். முட்டைக்கு அடியில் ஒரு கறுப்புத் துணியை விரித்துக் காட்டுங்கள், அந்த மங்கல் வெளிச்சம் காணாமல் போவதைப் பார்த்துவிட்டால் அப்புறம் நீங்கள் விளக்கவே வேண்டாம். ஆனால் ஒன்று, விளிம்பின் அந்த மங்கல் வெளிச்சத்தை வெளிச்சப் பக்கத்துக்குச் சமமாக வெளுக்க விட்டால் காரியம் கெட்டது.

முட்டை தரையில் போடும் நிழலையும் மறக்கக் கூடாது. தொடுகிற இடத்தில் நல்ல கறுப்பு, தள்ளிப் போகப் போக ஓரம் மங்கும். இது இல்லையென்றால் முட்டை காற்றில் மிதக்கும்.

பிறகு பானைக்கு வாருங்கள். வாயும் அடியும் ஒரே மாதிரி நீள்வட்டம் இல்லை: மேலிருந்து பார்க்கும்போது, கண்ணை விட்டு எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவுக்கு வளைவு அகலும். தனக்கா (முகத்தில் பூசுகிற மரப்பட்டைச் சாந்து) அரைக்கிற வட்டக் கல்லை முதலில் கண்ணுக்கு நேராகப் பிடித்து, அப்படியே தாழ்த்திக்கொண்டே வந்து காட்டுங்கள், கோடாகத் தெரிந்த மேல்தளம் வட்டமாக விரியும். சுற்றிப் போட்ட அழுத்தமான கோட்டையும் நிழல் போடுமுன் ரப்பரால் பாதி அழித்துவிடச் சொல்லுங்கள். பகான் ஊரின் லாக்கர் (பளபளப்பான மரப்பால் பூச்சு) கிண்ணமெல்லாம் அடுத்த வருஷம். பளபளக்கிற பரப்பில் கறுப்புக்குப் பக்கத்திலேயே வெள்ளைப் பொட்டு வரும், இப்போது கொடுத்தால் மிரண்டுவிடுவார்கள்.

பென்சில் எச்.பி., 2பி, 4பி மூன்றே போதும். பென்சிலின் உள்குச்சிக்கு, கிராஃபைட் என்கிற கறுப்புக் கனிமத்தோடு களிமண்ணைக் குழைத்துச் சுடுகிறார்கள், 1795-இல் பிரான்சில் கோன்டே என்பவர் காப்புரிமை வாங்கிய முறை அது. களிமண் கூடினால் கோடு வெளுப்பு, குறைந்தால் கறுப்பு. அந்த மூன்றை வைத்து வெள்ளையிலிருந்து கறுப்பு வரை ஐந்து கட்டம் நிரப்பிப் பழகட்டும்.

கேள்வி: என் மகன் விரலால் தேய்த்தே நிழல் போடுகிறான். விடலாமா?
– ஒரு வாசகர், யாங்கோன்

பதில்: வேண்டாம். விரலின் எண்ணெய்ப் பசை தாளில் பட்டால் அந்த இடம் திட்டுத் திட்டாகும், ரப்பருக்கும் சரியாகப் போகாது. தேய்த்தே ஆக வேண்டுமென்றால் டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிக் கொடுங்கள், அதுவும் பானை வளைகிற வாட்டத்திலேயே கோடு இழுக்கப் பழகிய பிறகு.