'சாஃப்ட்வேர் போடணும்' என்று கடையில் சொன்னால்…

கேள்வி: அண்ணாச்சி, மகளுக்குப் படிக்க வாங்கின ஒன்பதாம் தலைமுறை ஐபேட். அப்டேட் ஓடிக்கிட்டு இருக்கையில சின்னவன் ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கிட்டான். அதுலேர்ந்து ஆப்பிள் குறி மட்டும் வந்து நிக்கி. வண்ணார்பேட்டையில ஒரு கடையில காட்டினோம். 'சாஃப்ட்வேர் போடணும், 3,500 ரூபாய் ஆகும், உள்ள உள்ளது எல்லாம் அழிஞ்சிரும்'னு சொல்லுதாங்க. பிளஸ் டூ நோட்ஸ் பூரா அதுலதான் கிடக்கு. கொடுக்கலாமா?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள் தங்கச்சி. கடையில் செய்யப்போவது, ஐபேடைக் கம்ப்யூட்டரில் சொருகி ஆப்பிள் சர்வரிலிருந்து ஃபர்ம்வேரை (மெஷினை ஓட்டுகிற அடிப்படை மென்பொருளை) இறக்கி ஏற்றுவதுதான். கடைக்காரர் கையில் தனியாக ஒரு சாஃப்ட்வேரும் கிடையாது. ஆப்பிள் கையொப்பம் இல்லாத ஃபர்ம்வேரை அந்த மெஷின் ஏற்கவே ஏற்காது. அதே ஃபைல் உங்கள் வீட்டு லேப்டாப்புக்கும் காசில்லாமல் வரும்.

விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள லேப்டாப்பில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து 'ஆப்பிள் டிவைசஸ்' செயலியை இறக்குங்கள். மேக் என்றால் அதிலேயே உள்ள ஃபைண்டர் செயலி போதும். ஐபேடை கேபிளில் இணைத்துவிட்டு, ஹோம் பட்டனையும் மேலே உள்ள பவர் பட்டனையும் சேர்த்து அமுக்கிப் பிடியுங்கள். முதலில் ஆப்பிள் குறிதான் வரும். பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டு 'வரலையே' என்கிறார்கள். எடுக்காதீர்கள். கேபிளும் கம்ப்யூட்டரும் சேர்ந்த படம் திரையில் தெரிகிற வரை பிடித்தபடியே இருக்க வேண்டும். (ஹோம் பட்டன் இல்லாத ஐபேடுகளுக்கு முறை வேறு: மேல் பட்டனுக்குக் கிட்டத்தில் உள்ள வால்யூம் பட்டனை ஒரு தட்டு, மற்றதை ஒரு தட்டு, பிறகு மேல் பட்டனை அதே படம் வரும்வரை அமுக்கிப் பிடிக்க வேண்டும்.)

இப்போது லேப்டாப்பில் இரண்டு பட்டன் வரும்: 'அப்டேட்', 'ரீஸ்டோர்'. உங்கள் மகளின் நோட்ஸ் பிழைப்பதும் போவதும் இந்த இடத்தில்தான். அப்டேட் என்பது உள்ளே இருப்பதைத் தொடாமல் ஐபேடோஸ் என்ற அந்த மென்பொருளை மட்டும் திரும்பப் போட முயலும். ரீஸ்டோர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் போடும். அப்டேட்டைத்தான் முதலில் அழுத்த வேண்டும். கடையில் சிலர் நேரே ரீஸ்டோருக்குப் போய்விடுவார்கள். வேலை சட்டென்று முடியும், அழிந்தால் அழுகிறவர் நீங்கள்தானே.

ஃபைல் பல ஜிபி வரும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக்கில் ஹாட்ஸ்பாட் போட்டு இந்தச் சோலியில் இறங்க வேண்டாம், ஃபைபர் இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள். லேப்டாப்பிலும் 20 ஜிபியாவது காலியாக இருப்பது நல்லது. இறக்கம் 15 நிமிஷத்தைத் தாண்டினால் ஐபேட் தானாகவே அந்தப் படத்திலிருந்து வெளியேறிவிடும். கெட்டுப்போனதாகப் பதற வேண்டாம். இறக்கம் முழுக்க முடியட்டும், பிறகு பட்டன் வேலையை மறுபடி செய்யுங்கள்.

எரர் 4013 மாதிரி ஏதாவது வந்தால் கேபிளை மாற்றி, வேறு யுஎஸ்பி துளையில் சொருகிப் பாருங்கள். சார்ஜ் ஏற மட்டும் செய்கிற மலிவு கேபிள்கள் இங்கே காலை வாரும். அதற்கும் மசியவில்லை என்றால்தான் உள்ளே உள்ள சர்க்யூட் போர்டைப் பற்றிப் பேச வேண்டும். அப்போதும் ரீஸ்டோருக்கு முன்னால், நோட்ஸ் ஐகிளவுடில் (ஆப்பிளின் இணையச் சேமிப்பில்) ஏறியிருக்கிறதா என்று உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ ஐபேடில் உள்ள அதே ஆப்பிள் கணக்கில் நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள். பழுது என்ன, சொன்ன தொகை எவ்வளவு என்பதோடு 'கேட்காமல் ரீஸ்டோர் போடக் கூடாது' என்ற வரியையும் அதில் எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன்னால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். பல கடைகள் அங்கேயே இறங்கி வந்துவிடும்.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் ஐபேட் ஒண்ணு கடையில வாங்கினேன். 'ஃப்ரெஷ்ஷா ரீஸ்டோர் பண்ணியாச்சு'ன்னுதான் கொடுத்தாங்க. வீட்டுல வந்து ஆன் பண்ணினா யாரோ ஒருத்தரோட ஆப்பிள் கணக்கு பாஸ்வேர்டு கேக்கு. கம்ப்யூட்டர்ல மறுபடி ரீஸ்டோர் பண்ணினா போயிருமா?
– வாசகர், தென்காசி

பதில்: போகாது. எத்தனை தடவை துடைத்தாலும் நிற்கும். அது ஆக்டிவேஷன் லாக். பூட்டு ஐபேடுக்குள் இல்லை, ஆப்பிள் சர்வரில் இருக்கிறது. பழைய சொந்தக்காரர் தன் கணக்கிலிருந்து அந்த ஐபேடை நீக்க வேண்டும். அவர் எந்த ஊரில் இருந்தாலும் ஐகிளவுட் வழியாக இதைச் செய்துவிடலாம். இல்லையென்றால் முதன்முதலில் புதிதாக வாங்கிய பில்லோடு ஆப்பிளிடம் கேட்க வேண்டும். அந்த பில் உங்கள் கடைக்காரரிடம் இல்லை என்றால் பொருள் வந்த வழியே சந்தேகம். 'லாக் எடுத்துத் தாரோம், 2,000 கொடுங்க' என்று வருகிறவர்களை அண்ட விடாதீர்கள். ஐபேடைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள். கடையில் காசு கொடுத்து வாங்கியது பழைய பொருளானாலும் நீங்கள் நுகர்வோர்தான்.

கேள்வி: சாம்சங் டேப்லெட்டுக்கு ஓடின்ங்கிற கம்ப்யூட்டர் செயலி வச்சு நானே ஃபர்ம்வேர் போடலாமா?
– கல்லூரி மாணவர், வள்ளியூர்

பதில்: வாரண்டி இருந்தால் வேண்டாம், சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். வாரண்டி முடிந்திருந்தால் போடலாம், ஆனால் மாடல் எண் ஓர் எழுத்துக்கூடப் பிசகக் கூடாது. ஃபர்ம்வேரோடு வருகிற சிஎஸ்சி என்ற ஃபைலைப் போட்டால் உள்ளே இருப்பது எல்லாம் துடைத்துப் போகும், ஹோம் சிஎஸ்சி போட்டால் தங்கும். கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். துடைத்த பிறகு அதைத்தான் கேட்கும்.