வழித்துவிட்டால் போதுமா? தொடை இடுக்குக் காயம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஜூடோ பயிற்சியில் எதிராளியைக் காலால் வாரித் தூக்கும்போது வலது உள்தொடையில் சுரீரென்று பிடித்தது. அன்று மாலையே நல்லெண்ணெய் போட்டு அழுத்தி வழித்துவிட்டார்கள். மறுநாள் நீலம் பாரித்து வலி கூடியது. இன்று பன்னிரண்டாம் நாள். இனிமேல் கை வைக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: இப்போது வைக்கலாம். முதல் நாளே வைத்ததுதான் தவறு. நார் கிழிந்த சதைக்குள் இரண்டு மூன்று நாள் ரத்தம் கசியும். அழுத்தி வழித்தால் கசிவு பரவும். அந்த நாட்களில் துணியில் சுற்றிய ஐஸை 10–15 நிமிடம் வைத்து, தொடையையும் இடுப்பையும் சேர்த்து எலாஸ்டிக் பேண்டேஜ் கட்டினால் போதும். உப்பு ஒத்தடமெல்லாம் பிறகுதான்.

இந்த இடத்தில் பெரும்பாலும் கிழிவது அடக்டர் லாங்கஸ் என்ற சதை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி வெளிப்பக்கம் சாயவிட்டால், இடுப்புக்கூட்டின் முன்னெலும்பிலிருந்து கயிறு போல் புடைத்துத் தெரியும். முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுங்கள். கால் தொங்கினால் சதை இறுகிக்கொள்ளும். முதலில் உள்ளங்கையால், முழங்காலிலிருந்து மேல்நோக்கி, மூன்று நிமிடம் மெதுவாக நீவ வேண்டும். பிறகு கை தட்டுப்படும் இறுகிய இடத்தைக் கட்டைவிரலால் 30–60 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். வலி பத்துக்கு நாலைத் தாண்டக் கூடாது. விரலுக்கடியில் நாடி துடித்தால் உடனே கையை எடுங்கள். தொடையின் பெரிய ரத்தக்குழாய் பக்கத்திலேயே ஓடுகிறது. எலும்பை ஒட்டிய மேல் மூன்று விரல்கடையைப் பிசியோதெரபிஸ்ட் கைக்கு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, சிகிச்சை செய்பவரின் கைக்கு எதிராக முழங்காலை உள்பக்கம் லேசாக ஐந்து விநாடி தள்ளி, தளர்த்தி, வலிக்காத அளவு கால் விரிய விடுவது. நாலைந்து முறை போதும்.

கை சதையைத் தளர்த்தும், பலத்தைக் கொடுக்காது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நாள்பட்ட தொடை இடுக்கு வலியுள்ள 68 விளையாட்டு வீரர்களிடம் டென்மார்க்கில் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், பலப்பயிற்சி செய்தவர்களில் 23 பேர் வலியில்லாமல் பழைய நிலையில் களத்துக்குத் திரும்பினார்கள். மசாஜ், நீட்டல், மின்சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் திரும்பியது 4 பேர்தான். 2011-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், தேறியவர்களில் கைச்சிகிச்சை பெற்றவர்கள் சராசரி 12.8 வாரத்திலும், பயிற்சிக் குழுவினர் 17.3 வாரத்திலும் திரும்பினார்கள். ஆனால் தேறியவர்களின் விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இரண்டும் வேண்டும்.

நீவி முடித்த கையோடு, வலி தணிந்திருக்கும்போதே, முழங்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து 30 விநாடி அமுக்குங்கள், பத்து முறை. அது வலிக்காமல் வந்த பிறகு சறுக்கும் பயிற்சி. இதற்கு நம் பக்கத்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையை விடத் தோதான இடம் இல்லை. ஒரு காலின் கீழ் துணியை மடித்துப் போட்டு, மற்றக் காலில் நின்று, பக்கவாட்டில் மெதுவாகச் சறுக்கவிட்டு உள்ளே இழுங்கள். ஒரு பக்கத்துக்கு எட்டு முறை, மூன்று சுற்று. சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள், சறுக்கும் தூரத்தை நாளுக்கு நாள் ஒரு சாணாகக் கூட்டாதீர்கள், நாலு விரல்கடை போதும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. டேக்வாண்டோவில் உயர உதைக்கும்போது இடுக்கில் ‘டக்’கென்று சத்தம் கேட்டது. நொண்டுகிறான். சுளுக்கு எடுப்பவரிடம் கூட்டிப் போகட்டுமா?
– வாசகி, தேவகோட்டை

பதில்: வேண்டாம் அம்மா. முதலில் எக்ஸ்ரே. வளரும் வயதில் சதையை விட அது ஒட்டியிருக்கும் வளர்ச்சிக் குருத்து பலவீனமானது. சதை கிழியாமல் எலும்புத் துண்டோடு பெயர்ந்துவிடலாம். அதை இழுத்து வழித்தால் துண்டு இன்னும் விலகும். இடுப்பு மூட்டிலேயே எலும்பு நழுவியிருந்தாலும் பையன் இப்படித்தான் நொண்டுவான்; சில சமயம் முழங்கால்தான் வலிக்கிறது என்பான். எக்ஸ்ரே எடுக்கும்வரை அந்தக் காலை ஊன்ற விடாதீர்கள். விதையில் வலி என்று சொன்னால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கேள்வி: கிக்பாக்ஸிங்கில் எப்போது மறுபடி ஸ்பாரிங் (ஆளோடு மோதிப் பழகுவது) செய்யலாம்?
– வாசகர், புதுவயல்

பதில்: நாள் கணக்கை விட அறிகுறியைப் பாருங்கள். முழங்கால் நடுவே முஷ்டியை வைத்து முழுப் பலத்தோடு அமுக்கினாலும் வலிக்கக் கூடாது. இரண்டு காலும் ஒரே அளவு விரிய வேண்டும். பிறகு காற்றில் உதை, அடுத்து தொங்கும் பையில் உதை, கடைசியில் ஆளோடு. ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை வலியில்லாமல் எழுந்தால்தான் அடுத்த படி.