ஷோ ஹன்டர் குதிரைக்கு ஏற்ற கடிவாளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் ஷோ ஹன்டர் வகுப்புகளுக்குக் குதிரையைத் தயார் செய்துவரும் வாசகர்கள் சிலர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். வேட்டைக்கு ஏற்ற குதிரையைத் தேர்ந்தெடுக்கும் போட்டிகள் இவை. இவற்றில் நடுவரே ஒவ்வொரு குதிரையிலும் ஏறிச் சவாரி செய்து பார்ப்பார். சேணத்தை இறக்கச் சொல்லி உடலமைப்பையும் தனியே பார்ப்பார். சேணம் இறங்கிய அந்தச் சில நிமிடங்களில் குதிரையின்மேல் மிஞ்சியிருப்பது கடிவாளம் ஒன்றுதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: டிரஸ்ஸாஜ் எனும் நடைப்பயிற்சிப் போட்டிக்காக வாங்கிய கறுப்புக் கடிவாளம் எங்களிடம் இருக்கிறது. நெற்றிப்பட்டையில் பளபளக்கும் கற்கள் பதித்திருக்கும். மகள் அதையே ஹன்டர் வகுப்பிலும் போடலாமா?

வேண்டாம். ஹன்டர் என்பது வேட்டை நாய்களின் பின்னே நாள் முழுதும் வயலிலும் வேலியிலும் ஓட வேண்டிய குதிரை; அதன் அணிகலன்களும் உழைப்பதற்கென்று செய்தவையாகத் தெரிய வேண்டும் என்பதே இந்த வகுப்பின் மரபு. அடர் பழுப்பு நிறம், அலங்காரத் தையல் இல்லாத தட்டையான அகன்ற மூக்குப்பட்டை, வெறும் தோலால் ஆன நெற்றிப்பட்டை ஆகியவை போதும். வண்ண வெல்வெட் சுற்றிய நெற்றிப்பட்டை, நளினமான சவாரிக் குதிரைகளுக்கான ஹேக் வகுப்புக்கு உரியது. ஹன்டரின் தலையில் அதைப் பார்த்தால் உறுத்தும்.

கேள்வி: கடையில் எல்லாக் கடிவாளங்களும் ஒன்றுபோலவே தெரிகின்றன. நல்ல தோலை எப்படிக் கண்டுகொள்வது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சற்று விரிவாகவே சொல்கிறேன். கடிவாளத்துக்கான தோலைத் தாவரச் சாற்றில் பதனிடுவார்கள். தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டதைப் போல, இங்கிலாந்தில் ஓக் மரப்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். டெவன் மாவட்டத்தின் கோலிட்டன் ஊரில் அந்த முறை இன்றும் நடக்கிறது. மாட்டின் முதுகும் பின்புறமும் சேர்ந்த பகுதியில்தான் இழை நெருக்கமாக இருக்கும். வயிற்றுப் பகுதியில் வெட்டிய வார் நாளடைவில் நீண்டுவிடும், அப்போது கன்னங்களின் வழியே இறங்கும் இரண்டு கன்னவார்களும் ஒரே அளவில் நில்லா.

வாரை எடுத்து, பளபளப்பான மேற்பக்கம் உட்புறமாக வரும்படி மெல்ல வளைத்துப் பாருங்கள். நல்ல தோலில் மயிரிழை போன்ற சுருக்கங்கள் விழுந்து, விட்டவுடன் மறைந்துவிடும். மட்டமான தோலில் மேல்தோல் தனியே கழன்றதைப் போலத் தடித்த மடிப்புகள் எழும். பிறகு வாரைத் திருப்பி அடிப்பக்கத்தை விரலால் தடவுங்கள். அது பஞ்சுபோல் பிசிறு விடாமல் வழவழப்பாக இருக்க வேண்டும். ஓரங்கள் சாயம் பூசி, தேய்த்து மெருகேற்றப்பட்டிருக்க வேண்டும்.

தையலையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு ஊசிகளால் கையால் போட்ட தையலில் ஒரு நூல் அறுந்தாலும் மற்றது தாங்கிக்கொள்ளும். பல ஆண்டுகளுக்கு முன், விலை குறைவு என்று நான் ஒரு கடிவாளம் வாங்கினேன். போட்டி வளையத்துக்குள் நுழையுமுன் கடைசியாக ஒருமுறை துடைத்தபோது, கன்னவார், குதிரையின் வாயில் வைக்கும் உலோகத் துண்டான பிட்டைச் சுற்றி மடியும் இடத்தில், கொக்கிக்குப் பக்கத்திலேயே, நான்கு தையல்கள் விட்டிருப்பதைக் கண்டேன். நல்ல வேளையாக நடுவர் இன்னும் ஏறவில்லை; குதிரையைத் திருப்பி அழைத்துச் சென்றுவிட்டேன். அன்றிலிருந்து எந்தக் கடிவாளத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் அந்த மடிப்பைத்தான் பார்க்கிறேன்.

பக்கிள்கள் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும், ஏனெனில் முலாம் பூசியவை உரிந்து தோலில் கறை விடும். இங்கிலாந்தின் வால்சால் நகரம் சேணத் தொழிலுக்குப் பேர்போனதுதான், கான்பூரிலிருந்தும் ஏராளமாக ஏற்றுமதியாகிறது. ஆனால் ஊர்ப் பெயரைப் படித்து முடிவு செய்வதைவிட வாரை வளைத்துப் பார்த்து முடிவு செய்வதே சரி.

கேள்வி: எங்கள் ஹெவிவெயிட் (கனமான சவாரியாளரைச் சுமக்கும் வகை) குதிரைக்குத் தலை பெரியது. மெல்லிய வார் போட்டால் தலை சிறியதாகத் தெரியும் என்கிறார்களே?

நேர்மாறானது. பெரிய தலையில் மெல்லிய வார் போட்டால் வாருக்கு இடையே முகம் பரந்து தெரியும். ஒன்றேகால் அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேல் அகலமுள்ள மூக்குப்பட்டை நீண்ட முகத்தை இடையில் மறித்துச் சுருக்கிக் காட்டும். லைட்வெயிட் குதிரையின் மெலிந்த முகத்தில் அதே பட்டை பாரமாகத் தெரியும் என்பதால் அதற்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: 'ஃபுல்' அளவு வாங்கினோம். குதிரை அடிக்கடி தலையை உதறுகிறது. அளவு தவறா?

நெற்றிப்பட்டையை முதலில் பாருங்கள். நான் பார்த்தவரையில் மிகுதியாக நேரும் பிழை, நெற்றிப்பட்டை குட்டையாக இருந்து, காதுகளுக்குப் பின்னே செல்லும் தலைவாரை முன்னே இழுத்துக் காதின் அடியில் அழுத்துவதுதான். காதுக்கும் தலைவாருக்கும் இடையே விரல் எளிதாக நுழைய வேண்டும். 'ஃபுல்' என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் வேறுபடும். குதிரையின் வாய் ஓரத்திலிருந்து உச்சி வழியாக மறுபக்க வாய் ஓரம் வரையும், நெற்றியைச் சுற்றியும், மூக்கைச் சுற்றியும் தனித்தனியே அளந்து, வேண்டுமானால் பாகங்களை வெவ்வேறு அளவில் வாங்குங்கள். மூக்குப்பட்டை கன்ன எலும்பின் முனைக்கு ஏறக்குறைய இரண்டு விரல் கீழே இருக்கட்டும். மூக்கெலும்புக்கும் பட்டைக்கும் நடுவே இரண்டு விரல் செல்லும் அளவுக்குத் தளர்வு வேண்டும். தொண்டைவாருக்குள் நான்கு விரல்களை நிமிர்த்தி வைக்க இடம் வேண்டும். கன்னவார் பக்கிள்கள் இருபுறமும் கண்ணுக்கு நேராக, ஒரே மட்டத்தில் அமைந்தால் முகம் ஒழுங்காகத் தெரியும்.

கேள்வி: டபுள் பிரைடில் கட்டாயமா? ஸ்னாஃபிளில் போனால் மதிப்பெண் குறையுமா?

டபுள் பிரைடில் என்பது இரண்டு பிட்டும் இரண்டு ஜோடி லகானும் உள்ள கடிவாளம்; ஸ்னாஃபிள் ஒரே பிட் உள்ளது. நோவிஸ் எனும் புதிய குதிரைகளுக்கான வகுப்பில் ஸ்னாஃபிளில் தாராளமாகப் போகலாம். எல்லாருக்கும் திறந்த ஓப்பன் வகுப்பில் டபுள் பிரைடில்தான் வழக்கம். ஆனால் பழகாத குதிரைக்கு அதைப் போட்டு, முன்பின் அறியாத நடுவரின் கையில் லகானைக் கொடுப்பது குதிரைக்கும் நடுவருக்கும் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு குளிர்காலம் முழுதும் வீட்டில் பழக்குங்கள். அதன் இரண்டு பிட்களில், மெல்லிய ஸ்னாஃபிளான பிரிடூன் வாய் ஓரத்தில் மேலாகவும், நெம்புகோல்போல் இயங்கும் வெய்மவுத் அதற்குக் கீழாகவும் அமர வேண்டும்; வெய்மவுத்தின் கீழ்க்கம்பி ஏறத்தாழ 45 பாகை பின்னே வரும்போது தாடையின் கீழே செல்லும் கர்ப் சங்கிலி தாடைக் குழியில் படிய வேண்டும். பிரிடூன் லகான் சற்று அகலமாகவும் வெய்மவுத்தில் பூட்டும் கர்ப் லகான் மெல்லியதாகவும் இருந்தால், ஏறிய நடுவர் குனிந்து பாராமலே விரலால் இரண்டையும் பிரித்துணர்வார்.

கேள்வி: அமெரிக்கக் கடையொன்றில் 'ஹன்டர் பிரைடில்' என்று அழகாக விற்கிறார்கள். வாங்கலாமா?

பிரிட்டிஷ் வகுப்புக்கு அது பொருந்தாது. அமெரிக்க ஹன்டர் வகுப்பு தடை தாண்டும் பாணியைப் பார்ப்பது. அங்கே நடுவர் வெளியிலிருந்து பார்க்கிறார். புடைத்த, நுண்தையல் இட்ட மூக்குப்பட்டையும் அதற்கு இணையான லகானும் அங்கே மரபு.

கேள்வி: பழைய கடிவாளம் வாங்கலாமா? புதிதை எப்படிப் பழக்குவது?

தோல் நல்லதென்றால் பழையது மிகச் சிறந்த வாங்கல். பிட் மடிப்பையும் பக்கிள் துளைகளையும் விரித்துப் பாருங்கள். வெடிப்போ, கையில் ஒட்டும் செம்பொடியோ தெரிந்தால் விட்டுவிடுங்கள். புதியதை எண்ணெயில் முக்கி ஊறவைக்கக் கூடாது, வார் தொய்ந்துபோகும். அடிப்பக்கத்தில் மெல்லிய பூச்சாகச் சிலமுறை தடவி, வீட்டில் சில வாரங்கள் ஓட்டி, ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் ஈரத் துணியால் வியர்வையைத் துடைத்து, கிளிசரின் சோப்பைத் தண்ணீர் அதிகமின்றித் தேயுங்கள். போட்டிக்கு முந்தைய இரவு எல்லாப் பக்கிளையும் கழற்றி மடிப்புக்குள் துடைத்துவிட்டு, உலோகப் பாலிஷ் பிட்டின் வாயில் படும் பகுதியில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.