மூன்று வட்டிக் கடனை நகையை வைத்து அடைக்கலாமா?

புதுவயலிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "கணவருக்கு அரிசி ஆலையில் மாதம் 21,000. நான் தைத்து 6,000 வரை சம்பாதிக்கிறேன். தெரிந்தவரிடம் இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று வட்டிக்கு வாங்கிய 60,000 இருக்கிறது. வங்கியில் ஐந்து பவுன் அடகில் ஒரு லட்சம். கணவருக்குத் தெரியாமல் வாங்கிய குழுக்கடனில் 18,000 பாக்கி. 'நகையை நானே மீட்டு, மறுபடி கூடுதலாக வைத்து, கடனை அடைத்துத் தருகிறேன்' என்று ஒருவர் வீட்டுக்கு வந்து போகிறார். நம்பலாமா ஐயா?"

ஆளை நம்ப வேண்டாம். யோசனை சரிதான்.

மூன்று வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36. உங்கள் 60,000-க்கு மாதம் 1,800. இரண்டு வருஷத்தில் 43,200 கொடுத்தாகிவிட்டது, அசல் அப்படியே நிற்கிறது. அதே தொகையை வங்கி நகைக்கடனாக மாற்றினால், ஆண்டுக்கு 10 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 500தான். தங்கம் இப்போது விற்கிற விலையில் அதே ஐந்து பவுனுக்கு 1,60,000 தாராளமாகக் கிடைக்கும்.

கடனை அடைக்கக் கடன் வாங்காதீர்கள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான். இது ஒன்றுக்குத்தான் விலக்கு, அதிலும் ஒரு நிபந்தனை. பணத்தை எண்ணி வைக்கும் அதே நேரத்தில் புரோநோட்டு உங்கள் கைக்கு வர வேண்டும், செக் கொடுத்திருந்தால் அதுவும். "பீரோ சாவி மகனிடம் இருக்கிறது, நாளைக்கு வாங்கிக்கோம்மா" என்றால் பணத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்து, தொகை எழுதும் இடம் காலி: அடைத்து முடித்த கடன் அப்படிப்பட்ட நோட்டாக வக்கீல் நோட்டீஸோடு திரும்பி வந்ததை நான் பார்த்திருக்கிறேன். கந்துவட்டியைத் தடுக்க 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. வந்து என்ன, புகார் கொடுக்கப் போனால் "பேசித் தீர்த்துக்கோங்க" என்கிறார்கள்.

இப்போது உங்கள் வீட்டுக்கு வரும் அந்த ஆள். இவர்களுக்குப் பிழைப்புக் கொடுப்பதே வங்கிகள்தான். பல கிளைகளில் அசல், வட்டி இரண்டையும் முழுசாகக் கட்டி, நகையைத் திருப்பி, மறுபடி வைக்கச் சொல்கிறார்கள். ஒரு லட்சத்தைக் காலையில் கட்டி மாலையில் வாங்க ஏழை எங்கே போவான்? வங்கி வாசல் டீக்கடையில் நிற்பவரிடம்தான் போகிறான். பணத்தை அவர் கட்டுவார், நகையை அவரே வாங்குவார். அப்புறம், "மறுபடி வைப்பதைவிட விற்பது லாபம், என் தராசில் போட்டுப் பார்ப்போம்" என்பார். அந்தத் தராசில் ஐந்து பவுன் ஐந்து பவுனாக நிற்காது. அதனால் முதலில் மேலாளரிடமே, வட்டியை மட்டும் கட்டிப் பழைய கடனைப் புதுக்கடனில் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் கூடப்பிறந்தவர்கள் யாரிடமாவது ஒரு நாளைக்குக் கைமாற்றாக வாங்குங்கள். நகைப்பை உங்கள் கையைவிட்டு வேறு கைக்குப் போகக் கூடாது.

1,800 வட்டி 500 ஆனால் மாதம் மிஞ்சும் 1,300-ஐக் குழுக்கடனில் தவணைக்கு மேல் கட்டுங்கள். அதன் வட்டி நகைக்கடனைவிட அதிகம். முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது, 2022-லிருந்தே ரிசர்வ் வங்கி விதி அது.

இதற்கெல்லாம் முன்னால் குழுக்கடனைக் கணவரிடம் சொல்லிவிடுங்கள். ஒளித்த கடனை வைத்துக்கொண்டு வீட்டுக் கணக்குப் போட முடியாது. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் செய்த நகரத்தார் ஐந்தொகை, அதாவது இருப்பும் கடனும் சேர்த்த மொத்தக் கணக்கு, எடுத்துப் பார்த்த ஊர்ப்பக்கம் இது, நமக்கு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளைகளையும் உட்கார வைத்து எழுதுங்கள். மொய் நோட்டையும் பக்கத்தில் வையுங்கள். நம் பக்கத்தில் வாங்கிய மொய்யும் கடன்தான், ஆவணியில் பத்திரிகையோடு வந்து நிற்கும். தையல் வருமானத்தை 6,000 என்று எழுத வேண்டாம். தீபாவளி மாதத்தை விட்டுவிட்டு, மிகக் குறைவாக வந்த மாதத்தின் தொகையை எழுதுங்கள்.