சுரங்கத்து வெக்கை: கேட்டவங்களுக்கு என் பதில்

26 வருஷம் வடக்கே நிலத்தடிச் சுரங்கத்துல, அதுல பாதி காத்தோட்டப் பிரிவுல இருந்தேன். சுரங்கத்துல வெக்கை 33 டிகிரியைத் தாண்டக் கூடாதுங்கிறது சட்டம்னு சொல்லியிருந்தேன், அதுக்கு ஊர் ஊரா வந்த கேள்விங்க இது. கேளுங்க.

தாழையூத்து: அண்ணாச்சி, சுண்ணாம்புக்கல் குவாரியில 40 டிகிரியில நிக்கோம். கீழ 33-க்கா இவ்வளவு பயம்?

தம்பி, உன் 40 சாதா தெர்மாமீட்டர் காட்டுறது. சட்டம் சொல்ற 33, பல்புல ஈரத்துணி சுத்திப் பார்க்கிற கணக்கு. அந்த மாதிரி பார்த்தா உன் குவாரி 26, 27-லதான் நிக்கும். கீழ காத்தே ஈரம். பாறையும் சுடும், கோலார் தங்கவயல்ல ஆழத்துல பாறைச் சூடு 60-ஐத் தாண்டுச்சு. 100 மீட்டர் இறங்கினா, அழுத்தத்தால மட்டும் காத்து 1 டிகிரி ஏறும். ஈரத்துணி கணக்கு 30.5 தாண்டினாலே நொடிக்கு 1 மீட்டர் காத்து ஓடணும்.

தாழையூத்து: வேர்வை ஊத்தினா உடம்பு குளிராதா?

ஊத்துறது வேற, காயுறது வேற. சொட்டி விழுற வேர்வையால ஒரு பிரயோஜனமும் இல்ல.

தென்காசி: காருகுறிச்சிப் பானைத் தண்ணி வெயில் காலத்துல சில்லுனு இருக்கும், அடைமழையில இருக்காதே, அதுவா?

அதேதான்! இத்தனை வருஷம் பயிற்சி வகுப்பெடுத்தும் எனக்கு இது தோணலையே. சுரங்கத்துல உடம்பு அடைமழைப் பானை. துருத்திக் குழாய், அதான் விசிறி காத்தைத் தள்ளுற குழாய், அந்தக் காத்து பட்டாத்தான் அது குளிரும்.

வள்ளியூர்: மாமா, தம்பி செம்புச் சுரங்கத்துக்குப் போறான்.

முதல் நாள் அஞ்சுல ஒரு பங்கு நேரந்தான் வெக்கையில நிக்கணும். தினம் ஒரு பங்கு கூட்டணும். லீவு முடிஞ்சு திரும்பினாலும் படிப்படியாத்தான். தாகத்துக்குக் காத்திருக்காம 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. முந்தின ராத்திரி சாராயம் கூடவே கூடாது.

களக்காடு: உப்பு மாத்திரை?

வேண்டாம். சாப்பாட்டு உப்பு போதும்.

அம்பை: உப்பு மாத்திரை நல்லதா?

மேல களக்காட்டுக்குச் சொன்ன பதிலைப் பாருங்க.

நாங்குநேரி: கிட்னிக்கு?

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில காட்டுங்க. அது டாக்டர் வேலை.

சேரன்மகாதேவி: மயங்கினா தூக்கிட்டு ஓடலாமா?

முதல்ல குளிர்விக்கணும், அப்புறந்தான் தூக்கணும். ஒரு பையன் சட்டைப் பித்தானை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு, "இன்னைக்கு என்ன கிழமை"ன்னு மூணு தடவை கேட்டான். அந்தப் பேச்சுத் தடுமாற்றந்தான் அடையாளம். துளை மெஷின் தண்ணிக் குழாயை அவன் மேல திருப்பி, காத்துக்குழாய் முன்னால கிடத்தினோம். ஆளை மேல ஏத்துற கூண்டு வர்றதுக்குள்ள கிழமையைச் சரியாச் சொல்லிட்டான். நினைவு தப்பினவன் வாயில மட்டும் தண்ணி ஊத்தாதீங்க.

பேட்டை: தண்ணி எவ்வளவு அண்ணாச்சி?

20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். தாகத்துக்குக் காத்திருக்காதீங்க.