ஆயினும் ஆய்தமும்

அன்புள்ள ஐயா,

சங்கீதம் 119-இல் ஆலெப், பேத் என்று எபிரேய எழுத்துகளின் பெயர்கள் தலைப்புகளாக வருவதைச் சிறுவயதிலிருந்தே பார்க்கிறேன். இப்போது எபிரேயம் கற்கிறேன். 'ஆயின்' என்ற எழுத்து மட்டும் பிடிபடவில்லை. ஆய்தம் போல உச்சரிக்கலாமா? எழுதும்போது 'த்சாடே' என்ற எழுத்துடன் வேறு குழம்புகிறது.

எஸ்., பாளையங்கோட்டை

அன்புள்ள எஸ்.,

எழுதுவது சுலபம். ஆங்கிலத்தின் சிறிய ஒய் போலத்தான் இருக்கும். வலப்பக்கக் கோடு நீளமானது, மேலிருந்து இடப்பக்கமாகச் சரிந்து இறங்கும். இடப்பக்கக் குட்டைக் கோடு அதில் வந்து முட்டும். த்சாடேயில் நீளக்கோடு இடமிருந்து வலமாகச் சரியும். இந்த ஒன்றைப் பார்த்தால் போதும்.

ஆய்தம் வேண்டாம். அதில் காற்று உரசும், குரல் இருக்காது. ஆயினில் குரல் உண்டு. 'ஆ' என்று நீட்டிக்கொண்டே நாக்கின் அடியைப் பின்னுக்கு இழுத்துத் தொண்டையை இறுக்குங்கள். கரகரப்பு கேட்டால் தவறு.

இன்றைய இஸ்ரேலில் பெரும்பாலோர் இதை ஒலிப்பதே இல்லை. ஆலெப்பும் ஆயினும் ஒன்றாகிவிட்டன. ஏமன் யூதர்கள் போன்றவர்களின் மரபில்தான் பழைய ஒலி தங்கியிருக்கிறது. குழப்பமும் புதிதல்ல. பெத்ஷான், ஹைஃபா ஊர்க்காரர்களைத் தொழுகை நடத்த விடாதீர்கள், ஆலெப்பை ஆயினாகவும் ஆயினை ஆலெப்பாகவும் படிக்கிறார்கள் என்று யூதர்களின் பழைய சமய நூலான தல்மூதிலேயே இருக்கிறது!

அப்புறம் எதற்குக் கற்க வேண்டும் என்பீர்கள். பேச மட்டும் என்றால் தேவையில்லை. நீங்கள் வேதாகமம் வாசிக்கப் போகிறவர். ஆலெப்பில் தொடங்கும் 'அத்தா' என்றால் நீ. ஆயினில் தொடங்கும் 'அத்தா' என்றால் இப்போது. ஒலி பழகிவிட்டால் எழுத்துப் பிழை பாதி குறையும்.

இன்னொன்று. பழங்காலத்தில் இந்த ஒரே எழுத்து இரண்டு ஒலிகளுக்கு நின்றது. இரண்டாவது ஒலி ககரத்துக்குக் கிட்டத்தில் இருந்ததால் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் சில பெயர்களில் அதைத் தங்கள் 'காமா' (ககர ஒலி) எழுத்தால் எழுதினார்கள். எபிரேயத்தில் ஆயினில் தொடங்கும் 'அமோரா' நம் வேதாகமத்தில் கொமோராவாக நிற்பது அந்த வழியில்தான்.

சரி, ஒலியை எழுதிக் காட்டி எவ்வளவுதான் புரியவைக்க முடியும்? உங்களுக்குப் பக்கத்திலேயே மேலப்பாளையம் இருக்கிறது. குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஒருவரிடம் அரபியின் 'ஐன்' எழுத்தைச் சொல்லச்சொல்லிக் கேளுங்கள். அதே ஒலிதான். அப்படியே அவர்களுடைய தொண்டை 'ஹா'வையும் கேட்டுக்கொள்ளுங்கள், 'கேத்' என்ற எபிரேய எழுத்தின் பழைய உச்சரிப்புக்கு உதவும்.